சின்னதாக ஒரு பெட் ஷாப் திறக்க: கடை பிடிப்பதற்கு முன்னால் தொடங்கும் வழிகாட்டி

புதிதாகப் பெட் ஷாப் போடுபவர்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் போகிறார்கள். கடை பிடிப்பது, ரேக் அடிப்பது, டிஸ்ட்ரிபியூட்டர் சொன்ன சரக்கை இறக்குவது, கடைசியில் யார் வாங்குவார்கள் என்று யோசிப்பது. பணம் முடங்குவதற்கு இந்த வரிசையே முக்கியக் காரணம். யார் வாங்குவார்கள் என்பது முதலில் தெரிந்தால் கடையின் இடம், அளவு, சரக்கு எல்லாம் அதிலிருந்தே வரும்.

தமிழ்நாட்டின் ஒரு புறநகரிலோ மாவட்டத் தலைநகரிலோ, 150 முதல் 250 சதுர அடியில் பிராணிகளுக்கான உணவும் பொருள்களும் மட்டும் விற்கிற கடையை மனதில் வைத்து எழுதுகிறேன். தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை மூன்று: ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் தனியாக, சுற்றுவட்டாரத்தைப் பார்க்க ஒரு மாத அவகாசம், நீங்கள் டெலிவரிக்குப் போகும்போது கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஓர் ஆள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடையில் ஒருவர்தான் என்றால் ஒவ்வொரு டெலிவரிக்கும் ஷட்டரை இறக்க வேண்டியிருக்கும்.

1. சுற்றியிருக்கும் பிராணிகளைக் கணக்கெடுங்கள்

நீங்கள் நினைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து ஏழரை வரை நடந்தால் வாக்கிங் வரும் நாய்கள் தெரியும். எந்த இனம், என்ன வயது, கழுத்தில் என்ன பெல்ட், கையில் பிடித்திருப்பது செயினா கயிறா என்று குறித்துக்கொள்ளுங்கள். பால் போடுபவர், அயர்ன் கடைக்காரர், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி மூவருக்கும் எந்த வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்பது அத்துப்படி.

பூனைகள் தெருவில் கண்ணில் படாது. அதனால்தான் புதியவர்கள் அவற்றைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அபார்ட்மென்ட்டில் குப்பை எடுப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட் லிட்டர், அதாவது பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் போடும் மண், கனமாக இருக்கும் என்பதால் எந்த பிளாக்கிலிருந்து வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் அரசு கால்நடை மருந்தகத்திலும் பக்கத்துத் தனியார் கிளினிக்கிலும் காத்திருப்பவர்களிடம் பேசுங்கள். "என்ன கொடுக்கிறீர்கள், எங்கே வாங்குகிறீர்கள், என்ன கிடைக்கவில்லை?" இந்த மூன்று கேள்வி போதும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் முதல் சரக்குப் பட்டியல்.

எண்ணியதைத் தேவையாக மாற்ற வேண்டும். முப்பது கிலோ எடையுள்ள, வளர்ந்த லாப்ரடார் முழுக்க உலர் உணவே சாப்பிட்டால் நாளைக்குச் சுமார் 400 கிராம் ஆகும். இருபது கிலோ மூட்டை ஐம்பது நாள் வரும். நாலு கிலோ பூனைக்கு நாளைக்கு 50 முதல் 60 கிராம், அதாவது மாதம் ஒன்றரை கிலோவிலிருந்து 1.8 கிலோ. ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் காலையில் தீவனம், ராத்திரி சோறும் கறியும் என்று கலந்துதான் போடுகிறார்கள். அதனால் வரும் தொகையைப் பாதியாக்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இரண்டு வகை வாடிக்கையாளர்களைத் தனியாகக் குறியுங்கள். ஒன்று, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு நாய் வளர்ப்பவர்கள். இவர்கள் பாக்கெட் உணவு குறைவாகவே வாங்குவார்கள். பெல்ட், செயின், ஷாம்பு, உண்ணிச் சீப்பு நிறைய வாங்குவார்கள். இன்னொன்று, தெருநாய்களுக்குச் சாப்பாடு போடுபவர்கள். விலை குறைந்த பெரிய மூட்டையை மாதம் தவறாமல் எடுப்பவர்கள் இவர்கள்தான். நாலைந்து பேர் இப்படி அமைந்தாலே மூட்டைச் சரக்கு தேங்காது.

2. எதை விற்கப்போவதில்லை என்று முடிவெடுங்கள்

இதைக் கடை பிடிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உரிமம், இடத்தின் அளவு, முதலீடு மூன்றும் இதில்தான் மாறும்.

உயிருள்ள பிராணிகளை முதல் வருடம் தொடாதீர்கள். நாய், பூனை, முயல், பறவை விற்பதாக இருந்தால் 2018-ஆம் ஆண்டின் பெட் ஷாப் விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். கூண்டின் அளவிலிருந்து பதிவேடு வரை அதில் நிபந்தனைகள் உண்டு. "ரெண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ் மட்டும் வைக்கலாமே" என்று ஆரம்பித்தாலும் விதி அதேதான். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, சில்லைக் குருவி போன்ற நம் நாட்டு உயிரினங்களை விற்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்து "வச்சிக்கோங்க" என்றாலும் வாங்காதீர்கள்.

மருந்தும் அப்படித்தான். கால்நடை மருந்துகளுக்கும் மனித மருந்துகளுக்கும் ஒரே சட்டம்தான், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம். ஆன்டிபயாடிக், ஊசி, தடுப்பூசியெல்லாம் மருந்து விற்பனை உரிமம் இல்லாமல் வைக்கக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டர் "எல்லாரும் வைக்கிறாங்க சார்" என்பார். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மனிதருக்கு அல்ல, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும் என்று அச்சிட்டு, தயாரிப்பு உரிம எண்ணும் இருந்தால் அது மருந்து. உரிமம் எடுக்கும்வரை திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குரூமிங்குக்கு, அதாவது குளிப்பாட்டி முடி வெட்டிவிடுவதற்கு, தண்ணீர், வடிகால், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். கடை ஓரளவு நிலைத்த பிறகு யோசிக்கலாம்.

3. வாடகை பேசும் முன் கணக்குப் போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. மாத வாடகை 15,000, மின்சாரம் 2,500, உதவியாள் 12,000, பெட்ரோலும் சில்லறையும் 3,000. மொத்தம் 32,500. உங்கள் சம்பளம் 20,000 சேர்த்தால் 52,500. கடையின் கலவை லாபம், அதாவது எல்லாப் பொருளும் சேர்ந்த சராசரி லாபம், விற்பனையில் 20 சதவீதம் என்று வைத்தால், மாதம் 2,62,500 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். முப்பது நாளும் கடை திறந்திருந்தால் நாளைக்கு 8,750 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விட இந்தத் தொழிலில் முடியாது, அன்றைக்குத்தான் குடும்பத்தோடு வருவார்கள்.

முதல் படியில் எடுத்த கணக்கை ரூபாயாக மாற்றி இந்த 8,750-க்குப் பக்கத்தில் வையுங்கள். எட்டாது என்று தெரிந்தால் வாடகை குறைந்த இடம் பாருங்கள், இல்லையென்றால் வட்டாரத்தையே மாற்றுங்கள். சொந்தச் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் "லாபம் வருது" என்று நினைப்பது மிகவும் பரவலான தவறு.

லாபத்தை எப்போதும் விற்பனை விலையில் கணக்கிடுங்கள். 80-க்கு வாங்கி 100-க்கு விற்றால் 20 சதவீதம். வாங்கிய விலையில் பார்த்தால் 25 என்று தெரியும், செலவுக் கணக்கு அங்கேயே பிசகிவிடும்.

சரக்குக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திறப்பு நாளில் தொடாதீர்கள். முதல் இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர் கேட்டு உங்களிடம் இல்லாத பொருளை வாங்க அதுதான் உதவும். கடன் தேவைப்பட்டால் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கேட்கலாம். மாநில அரசின் மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், பணம் வரும் தேதி உங்கள் கையில் இல்லை.

4. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

மெயின் ரோட்டு முகப்பைவிட வண்டி நிறுத்த இடம் முக்கியம். இருபது கிலோ மூட்டையை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க மாட்டார்கள். கால்நடை கிளினிக்குக்கு நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் வாடகையும் தகும்.

மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டால் போதாது. சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பி உதிர்ந்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். அங்கே தீவனம் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

மின் இணைப்பு வணிகக் கட்டண வீதத்தில், அதாவது எல்.டி. ஐந்தாம் வீதத்தில் இருக்கிறதா என்று மின் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் வரும், அதை யார் கட்டுவது என்பதில் தகராறும் வரும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். பிராணிகள் உள்ளே வரும் கடை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. மாடியில் குடியிருப்பவர் ஆட்சேபித்தால் அந்த வரிதான் பேசும்.

5. காகித வேலைகள், இந்த வரிசையில்

முதலில் வாடகை ஒப்பந்தம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்று அதுதான். அடுத்து உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம். பிறகு சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. இது முழுக்க இலவசம், அரசின் இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்து நீங்களே செய்யலாம், இதற்குக் காசு கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் வைத்து வங்கியில் நடப்புக் கணக்கு.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. மேலே போட்ட மாதிரிக் கணக்கில் ஆண்டுக்கு 31.5 லட்சம்தான் வருகிறது. ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. ஓசூரில் கடை வைத்து பெங்களூருக்கு டெலிவரி செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். பதிவு எடுத்தால் ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டவர்கள் காம்போசிஷன் முறையில் விற்பனையில் 1 சதவீதம் கட்டலாம். அதில் வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்க முடியாது, வெளிமாநில விற்பனையும் கிடையாது. எது பொருந்தும் என்று முதல் கொள்முதலுக்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

தராசு வைத்தால் எடையளவுத் துறையின் முத்திரை வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம். பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதம். டிசைன் செய்யும் முன் பலகைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டால் இரண்டாவது முறை அடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை, துணிப்பையோ காகிதப் பையோ வாங்கி வையுங்கள்.

6. சப்ளையரிடம் என்ன கேட்க வேண்டும்

பெடிகிரி, விஸ்காஸ், டிரூல்ஸ், ராயல் கேனின் போன்றவற்றுக்கு உங்கள் பகுதிக்கென்று டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பார். பெல்ட், பவுல், பொம்மை மாதிரிச் சாமான்களுக்கு மொத்தக் கடைகள் வேறு. மீன் தொட்டிச் சாமான்களுக்குச் சென்னையில் கொளத்தூர் பக்கம் ஒருமுறை போய் விலை கேட்டுவிட்டு வாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரிடம் மார்ஜின் கேட்பதற்கு முன்னால் காலாவதி பற்றிக் கேளுங்கள். எத்தனை மாதம் பாக்கி இருக்கும் சரக்கு வரும்? விற்காததை எத்தனை நாளுக்கு முன் சொன்னால் மாற்றித் தருவார்? எலி கடித்த, கிழிந்த பாக்கெட்டுக்கு என்ன வழி? இவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். வாரத்தில் எந்த நாள் வண்டி வரும் என்பதும் முக்கியம். செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறதென்றால் திங்கள்வரை தாங்குகிற சரக்கு உங்களிடம் இருந்தாக வேண்டும்.

"பத்து மூட்டை எடுத்தால் ஒன்று ஃப்ரீ" ஸ்கீமில் புதியவர்கள் சிக்குவது வழக்கம். மாதம் மூன்று மூட்டை போகிற சரக்கில் பதினொன்று எடுத்தால் கடைசி மூட்டை நாலாவது மாதம்தான் போகும். அதற்குள் உங்கள் பணமும் இடமும் அதில் அடைபட்டுவிடும்.

சரக்கை இறக்கும்போதே தேதி பாருங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் எம்.ஆர்.பி., எடை, தயாரித்த மாதம், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி இருக்க வேண்டும். இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இல்லாத வெளிநாட்டு உணவு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

7. முதல் சரக்கு

உணவு ஆளைக் கூட்டிவரும், சாமான்கள் வாடகை கொடுக்கும். பிரபல பிராண்டு மூட்டையில் மார்ஜின் குறைவு. பெல்ட், பவுல், பொம்மை, கேட் லிட்டர், ஸ்கூப்பில் அதிகம். உணவை மட்டும் அடுக்கி வைத்த கடையில் கூட்டம் இருக்கும், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

உணவில் அகலமாகப் போகாதீர்கள். நாய்க்கு மூன்று பிராண்டு, பூனைக்கு மூன்று போதும். குட்டிக்கு, பெரியதற்கு என்று இரண்டு வகை. சின்ன பாக்கெட் அதிகமாக, மூட்டை குறைவாக. மூட்டையை ஆர்டரின்பேரில் மறுநாள் வரவழைக்கலாம்.

பெல்ட்டில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், நல்ல கடை என்ற பெயர் இங்கேதான் கிடைக்கிறது. கல்லாவில் ஒரு தையல் டேப் கட்டி வையுங்கள். கழுத்தை அளந்து போட்டபின் பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுக்கம், கழுத்துக்கும் தலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சாதாரண பெல்ட்டைப் பின்னால் இழுத்தால் தலை வழியே கழன்று நாய் ரோட்டில் ஓடிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட்டோ மார்பைச் சுற்றி மாட்டும் சரியான ஹார்னஸோ அவற்றுக்கு வேண்டும். செயின் வாங்கும்போது கொக்கியைக் கையில் திருகிப் பாருங்கள். சங்கிலி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அறுவது கொக்கியில்தான்.

நாய்ச் சட்டை, விலையுயர்ந்த படுக்கை, பெரிய கூண்டு இவற்றை முதலில் படமாக மட்டும் வையுங்கள். கேட்டால் வரவழைத்துக் கொடுக்கலாம்.

உண்ணிக்கான பொருள்களில் ஓர் எச்சரிக்கை. லேபிள்படி மருந்து என்றால் இரண்டாவது படியில் சொன்னதுதான், உரிமம் இல்லாமல் வைக்காதீர்கள். நாய்களுக்கான சில ஸ்பாட் ஆன் (தோலில் சொட்டாக விடுவது), ஸ்ப்ரேக்களில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையின் உயிரையே எடுத்துவிடும். நாய்க்கானதையும் பூனைக்கானதையும் ஒரே ரேக்கில் வைக்காதீர்கள். விற்கும்போது "வீட்டில் பூனை இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். உதவியாளுக்கு முதல் நாளே கற்றுத்தர வேண்டியது இதுதான்.

8. அடுக்குவதும் காப்பதும்

மூட்டை தரையில் படக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. பேலட் என்கிற பலகைத் தட்டைப் போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் சுவர் ஈரம் கசியும், காற்றோட்டம் இல்லாவிட்டால் மூட்டையின் அடிப்பக்கம் கட்டிதட்டிவிடும். புதிய சரக்கைப் பின்னால், சீக்கிரம் காலாவதியாவதை முன்னால்.

எலிக்கு விஷம் வைக்காதீர்கள். வாடிக்கையாளரின் நாய் உள்ளே வரும் இடம் இது. ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை அடித்து, பொறி வையுங்கள். பறவைத் தீவனமான தினை, கம்பு, சூரியகாந்தி விதையை மூடியுள்ள டப்பாவில் தனியாக வையுங்கள். வண்டு பெரும்பாலும் அங்கிருந்துதான் மற்றதற்குப் பரவுகிறது.

சில்லறையாக, அதாவது லூசாகத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்பார்கள். வேகமாகப் போகும் ஒரே ஒரு வகையை மட்டும் பிரியுங்கள். தீவனத்தை டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் இறக்கி மூடுங்கள், அப்போதுதான் தேதியும் லேபிளும் கூடவே இருக்கும். பிரித்த தேதியைப் பையில் எழுதுங்கள். தீவனத்தின் மேல் பூசிய கொழுப்பு காற்றுப்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். தினமும் காலையில் ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். எண்ணெய் கெட்ட வாடை வந்தால் விற்காதீர்கள். பழைய மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டுவது மொத்தத்தையும் கெடுக்கும். வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கொடுங்கள். முன்கூட்டியே அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட் போட்டு அடுக்கினால் சட்டப்படி நீங்கள் பேக் செய்பவர் ஆகிவிடுவீர்கள். பதிவும் லேபிள் விவரங்களும் வேண்டும்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விட வேண்டாம் என்று வாசலிலேயே எழுதி வையுங்கள். நாய்க்குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் தரையில் பல மாதம் இருக்கும், ஃபினாயிலில் சாகாது, பூனைக்கு ஃபினாயில் நஞ்சு வேறு. ப்ளீச்சிங் கரைசலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு கடை திறங்கள்.

9. விலை, கடன், ரீஆர்டர் நோட்டு

ஆன்லைனில் பெரிய மூட்டை சில நாள் உங்கள் கொள்முதல் விலைக்கே வரும். அதோடு போட்டி போட்டால் உங்கள் கை முதல்தான் கரையும். உடனே வேண்டும் என்பவர், சின்ன பாக்கெட் கேட்பவர், அளந்து போட வேண்டியவர், வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்பவர், இவர்கள் உங்கள் ஆட்கள். மூட்டைக்கு ஒரே விலை வைத்து எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள். ஒருவருக்குக் குறைத்தது அடுத்த நாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

கடன் கொடுப்பதானால் தெருநாய்களுக்குப் போடுபவர் போன்ற மாத வாடிக்கையாளர்களுக்கு மட்டும், ஒரு மூட்டைக்கு மேல் இல்லை.

ரீஆர்டர் நோட்டு ஒன்று போடுங்கள். பெயர், போன், பிராணியின் பெயர், இனம், வயது, உணவு, பாக்கெட் அளவு, வாங்கிய தேதி. முதல் படியில் போட்ட கணக்கு இங்கேயும் உதவும். முழுக்க உலர் உணவு சாப்பிடும் லாப்ரடாருக்கு மூட்டை எடுத்த நாற்பத்தைந்தாவது நாள் ஒரு மெசேஜ்: "அண்ணா, ப்ரூனோவுக்குச் சாப்பாடு தீரப்போகுமே, நாளைக்குக் கொண்டுவரட்டுமா?" அவர் ஆன்லைனில் தேடும் முன் உங்கள் மெசேஜ் போய்ச் சேர வேண்டும்.

"வாந்தி எடுக்குது, ஏதாவது கொடுங்க" என்று தினமும் ஒருவராவது வருவார். எதையும் கொடுக்காதீர்கள், டாக்டர் எண்ணைக் கொடுங்கள். பக்கத்து டாக்டர்கள் மூவரின் எண்ணும் நேரமும் எழுதிய அட்டை கல்லாவில் இருக்கட்டும். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் சேருங்கள்.

10. திறப்பும் முதல் மூன்று மாதமும்

திறப்பு விழாவுக்கு முன் பத்து நாள் சத்தமில்லாமல் கடையைத் திறந்து வையுங்கள். பில் போடுவது, க்யூஆர் கோடு, தராசு, டெலிவரி எல்லாம் அதற்குள் பழகிவிடும். கேட்டு இல்லாத பொருள்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஒரே பொருளை மூன்று பேர் கேட்டால் ஒதுக்கிவைத்த பணத்திலிருந்து வாங்குங்கள்.

மூன்றாவது மாதக் கடைசியில் ரேக் ரேக்காக நின்று பாருங்கள். ஒருமுறைகூட நகராத பொருளைத் தனியே எடுத்து, காலாவதி நெருங்குவதற்குள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் மாற்றச் சொல்லுங்கள். மாற்றித் தராத சாமான்களை வாங்கிய விலைக்கே தள்ளிவிடுங்கள். காலியான அந்த இடத்தில் தாளில் எழுதி வைத்திருக்கும் பொருளை அடுக்குங்கள்.